முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மறுநாளே இரண்டு வாதங்கள் எதிரெதிரே நின்றன. மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் வெயிலைக் காரணம் காட்டினார். குடை, தண்ணீர், தொப்பி கொண்டுவரச் சொல்லி முன்பே அறிவுறுத்தியிருந்தோம், மருத்துவ ஏற்பாடுகளும் இருந்தன என்றார். எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி நிர்வாகத் தோல்வி என்றார். முதல் வாதம் வெயிலைக் குற்றவாளியாக்கி அரசை விடுவிக்கிறது. இரண்டாவது அரசைக் குற்றவாளியாக்கி வெயிலை மறந்துவிடுகிறது. பகல் 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை நிழலில்லாத மணற்பரப்பில் லட்சக்கணக்கானோரை நிற்கவைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு நேரம் குறித்தது யார் என்ற கேள்வியை இரண்டு தரப்பும் போதிய அழுத்தத்துடன் கேட்கவில்லை.

அன்று சென்னையின் உச்ச வெப்பநிலை 37 டிகிரியைத் தொடவில்லை. ‘வெப்ப அலை’ என்பதற்கு நாட்டில் அலுவல்முறைப் பொருள் தருவது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அதன் விதிப்படி கடலோர நிலையமொன்றில் வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியை எட்ட வேண்டும், வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். ஆக, சென்னையில் மிக அதிகம் விவாதிக்கப்பட்ட வெப்பச் சாவுகள் வெப்ப அலை இல்லாத ஒரு நாளில் நிகழ்ந்தவை. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆணை வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் எந்தச் சாவுகளைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்ததோ அவற்றுக்கு அந்த ஆணையின் மையச் சொல் பொருந்தவில்லை என்பதிலிருந்துதான் திறனாய்வைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கே எடைபோட எடுத்துக்கொள்பவை நான்கு: மாநில அரசின் அந்த ஆணை, அதற்குப் பணம் தர மறுத்த மத்தியத் தரப்பின் தர்க்கம், எதிர்க்கட்சிகளின் விமர்சனம், சென்னை மாநகராட்சி 2023-இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம். நான்கையும் அரசியல் அறிக்கைகளாக அல்லாமல், தமக்கென ஓர் உள்தர்க்கம் கொண்ட பிரதிகளாகவே வாசிக்கிறேன். உரைகல்லாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற மேற்குப் பட்டையை வைத்துக்கொள்கிறேன். இந்த நான்கும் எங்கே உடைகின்றன என்பது தெளிவாகத் தெரியும் இடம் அது.

மெரினாவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது ஆவடி. மே கடைசியில் மேற்கிலிருந்து வரும் உலர்காற்று வலுக்கும்போது கடற்காற்று கரையேறத் தாமதிக்கும். திருவல்லிக்கேணிக்கு நண்பகலை ஒட்டி வந்துசேர்வது ஆவடிக்கு வரப் பிற்பகல் வெகுநேரம் ஆகிவிடும். சில நாள் வராமலேயும் போகும். கத்திரி முடிந்துவிட்டதென்று பஞ்சாங்கம் சொன்ன பிறகும் இந்தப் பக்கத்தில் வெக்கை இறங்குவதில்லை. அதற்குமேல் கூரைகளின் சூடு. 1949-இல் சைக்கிள் தொழிற்சாலையோடு தொழிலுக்குப் பழகி, 1964-இல் தொழிற்பேட்டையும் கிடைத்த அம்பத்தூரில் ‘எஸ்டேட்’ என்றால் லேத் பட்டறை, வார்ப்படம், முலாம் பூச்சு, தையல் கூடம் எல்லாம்தான். பெரிய ஆலைகளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கீழே இயங்குகின்றன. உலையும் மோட்டாரும் உள்ளிருந்து சூடேற்ற, கூரை மேலிருந்து சூடேற்றுகிறது. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகளின் வளாகங்களுக்குள் மரங்கள் பிழைத்திருக்கின்றன. மதிலுக்கு வெளியே மனைகள்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்தபோது நிழல் மரங்கள் போன கதையை அங்கே பேருந்துக்கு நிற்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

நிலம் ஒன்று, ஆட்சி பல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அதன் ஏழாவது மண்டலமானது. 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது, ஆனால் திருவள்ளூர் மாவட்டம். அரசாணை வந்தபோது பூந்தமல்லி அதே மாவட்டத்தின் நகராட்சி. மக்களவைத் தொகுதியிலும் அம்பத்தூர் திருப்பெரும்புதூரில், மற்ற இரண்டும் திருவள்ளூரில். பேரிடர் மேலாண்மையின் மாவட்டப் பொறுப்பு ஆட்சியரிடம் இருப்பதால், ஒரே வெப்பப் பட்டைக்கு இரண்டு ஆட்சியர்கள், இரண்டு மாநகராட்சிகள், ஒரு நகராட்சி. (1955-இல் சமதர்ம பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு கூடியதும் இதே ஆவடியில்தான். திட்டமிடல் என்ற கருத்துக்கு அவ்வளவு நெருக்கமான ஊர் இன்று யாருடைய வெப்பத் திட்டத்துக்குள் வருகிறது என்று தேட வேண்டியிருப்பதில் ஒரு கசப்பு இருக்கிறது.)

வானிலைத் துறையின் வரையறையை முதலில் நியாயமாகப் பார்ப்போம். அதன் பலம் சீர்மை. காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே விதி. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடிகிறது. முன்னறிவிப்பும் அதன்மேல்தான் நிற்கிறது. சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30 என்று நிலவகை பார்த்துப் பிரித்திருப்பதும் அறிவார்ந்த செயல். பலவீனங்கள் மூன்று இடங்களில் தெரிகின்றன. ஈரப்பதம் கணக்கில் இல்லை. சென்னையின் வெயில் காய்வதைக் காட்டிலும் அவிப்பதே அதிகம். வியர்வை ஆவியாகாத உடலுக்கு 36 டிகிரியும் ஆபத்து. இரவு கணக்கில் இல்லை. பகலெல்லாம் குடித்த சூட்டை மொட்டைமாடி விடிய விடிய உமிழும் வீட்டில் உடல் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. மூன்றாவது கொஞ்சம் தொழில்நுட்பமானது, ஆனால் மேற்குப் புறநகருக்கு முக்கியமானது. ‘வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல்’ என்று சொல்வதற்குப் பல பத்தாண்டுப் பதிவு வேண்டும். சென்னையில் அத்தகைய பதிவுக்குப் பெயர்பெற்றவை நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும். ஊர் வெயில் எவ்வளவு என்று செய்தி சொல்லும்போது ஆவடிக்காரர் கேட்பது இவ்விரண்டின் எண்ணைத்தான். கடலோரமா சமவெளியா என்ற இரண்டே பெட்டிகளில், இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு பட்டை எதிலும் சரியாக உட்காருவதில்லை.

எல்லைக்கோட்டை வேறு முறையிலும் வரையலாம் என்பதற்கு அகமதாபாத் சான்று. 2010 மே மாத வெப்பத்தில் அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததைக் கணக்கிட்டார்கள். சாவுப் பதிவையும் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அளவில் அந்த நகரத்து மக்கள் சாகத் தொடங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். 2013-இல் வந்த அவர்களுடைய செயல்திட்டம் தெற்காசியாவில் முதலாவது. அதன் சாதனை எச்சரிக்கை நிறங்களில் இல்லை, முறையியலில் இருக்கிறது: எல்லைக்கோட்டை வானத்திலிருந்து எடுக்காமல் இறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. அம்பத்தூருக்கு அப்படியொரு கோட்டை யாரும் வரைந்து தரவில்லை. வரைவதற்கான இறப்புப் பதிவேடு அங்கேயும் இருக்கிறது.

இனி அரசாணை. அதன் தகுதியை முதலில் சொல்லிவிட வேண்டும். வெப்பத்தால் சாகும் ஒருவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்பது சிறிய காரியமில்லை. வெள்ளத்தில் சாவது பேரிடர், வெயிலில் சாவது விதி என்றிருந்த பாகுபாட்டை அது ஒழித்தது. தண்ணீர்ப் பந்தலுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கும் செலவிடப் பேரிடர் நிதியைத் திறந்துவிட்டது. கேரளம் 2019-இலேயே செய்ததை ஐந்தாண்டு கழித்துச் செய்தது என்ற குறை இருந்தாலும், செய்தது.

பிரதியின் பலவீனம் அதன் இலக்கண வகையில் இருக்கிறது: அது நிவாரண ஆவணம். அதன் வினைச்சொற்கள் சாவுக்குப் பிறகே செயல்படத் தொடங்குகின்றன. சாவை நிரூபிப்பதும் எளிதல்ல. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி நினைவு தப்பியிருந்தால் அதை மருத்துவம் வெப்பத் தாக்கு என்கிறது. ஆனால் வெப்பம் பெரும்பாலும் வேறு பெயரில்தான் கொல்கிறது. ஏற்கெனவே பழுதான இதயத்தை நிறுத்துகிறது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது, உயரத்தில் வேலை செய்பவரைத் தலைசுற்றி விழவைக்கிறது. சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதப்பட்டால் கோப்பு அங்கேயே மூடிக்கொள்கிறது. தேசிய அளவிலேயே குற்ற ஆவணக் காப்பகம் ஒரு கணக்கு, சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கு, வானிலைத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கின்றன, மூன்றும் ஒத்துப்போவதில்லை. எண்ணத் தெரியாத ஒன்றுக்கு ஈடு தருகிறேன் என்று சொல்லும் ஆணை, எண்ணும் முறையைச் சீர்திருத்துவதையும் தன் கடமையாக ஏற்றிருக்க வேண்டும். எஸ்டேட்டில் வேலை செய்யும் வடமாநில இளைஞர் ஊருக்குத் திரும்பும் ரயிலில் இறந்தால் அவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்.

மத்தியத் தரப்பின் தர்க்கத்துக்கு வருவோம். என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, பேரிடர்ப் பட்டியலை விரிவாக்கும் கோரிக்கையில் பெரிய நியாயம் காணவில்லை. ஏற்கெனவே உள்ள பட்டியலே மாநிலங்களின் தேவையைப் பெருமளவு நிறைவு செய்கிறது என்றது. மாநிலம் தன் பேரிடர் நிதியில் பத்து சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற வழி இருக்கவே இருக்கிறது. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஆண்டுதோறும் நாடெங்கும் வருவதை எதிர்பாராத இடராகக் கருதினால் பேரிடர் நிதி வழக்கமான செலவுத் தலைப்பாகிவிடும் என்ற அச்சத்தில் நிதி ஒழுங்கு சார்ந்த நியாயம் உண்டு. சாவுக்குக் காரணம் வெப்பமே என்று நிறுவுவதன் சிரமமும் உண்மையே.

தர்க்கம் சறுக்குவது ஒத்திசைவில். அறிவிக்கப்பட்ட பட்டியலில் உறைபனியும் குளிர் அலையும் இருக்கின்றன. குளிர் அலையும் ஆண்டுதோறும் வருவதுதான். அதுவும் மெல்லக் கொல்வதுதான். அதிலும் காரணத்தை நிறுவுவது கடினம்தான். வட இந்திய டிசம்பர் இடராகவும் தென்னிந்திய மே மாதம் வழக்கமாகவும் தெரிவதற்கு அளவுகோல் எங்கே? இன்னொரு முரண்: பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புக்கென்று தனியே பிரித்துவைத்த முற்போக்கான காரியத்தைச் செய்ததும் இதே நிதிக்குழு. கூரைக்கு வெள்ளையடிப்பது, நிழல் அமைப்பது, நீர்நிலை மீட்பது என முன்கூட்டிச் செலவிட்டால் பலன்தரும் இடர்களில் வெப்பத்துக்கு நிகர் குறைவு. தணிப்புக்குப் பணப்பெட்டி செய்தவர்கள் அதற்கு மிகப் பொருத்தமான இடருக்குக் கதவைச் சாத்தினார்கள்.

இதை வைத்து மாநிலத்தின் வாதம் முழுமையாக வென்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. மிக்ஜாம் புயலுக்கும் 2023 டிசம்பரின் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாகச் சுமார் 37,000 கோடி கேட்ட மாநிலத்துக்கு 2024 ஏப்ரலில் 276 கோடி விடுவிக்கப்பட்டது. அந்த மனக்காயம் வெப்ப விவாதத்திலும் எதிரொலிக்கிறது. எல்லாவற்றையும் டெல்லியின் பாராமுகமாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் கட்டட விதிகள் மாநிலத்தின் கையில் உள்ளவை. நகரமைப்பு மாநிலத்தின் கையில். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தபோது டெல்லியின் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. தமிழகத்திலும் பெரும்பாக்கம் குடியிருப்பில் கூரைப் பூச்சு முன்னோட்டமாகச் செய்துபார்க்கப்பட்டது. முன்னோட்டம் நல்ல முயற்சி. எஸ்டேட்டின் புதிய பட்டறைக்குக் கட்டட அனுமதி தரும்போது கூரையின் சூட்டைப் பற்றி ஒரு நிபந்தனை வைப்பதே கொள்கை.

எதிர்க்கட்சிகளின் விமர்சனத்தைப் பற்றி நீட்ட அதிகமில்லை. மெரினா சாவுகளில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் சுட்டிய குறைகள், தண்ணீர் போதாமை, கூட்டக் கட்டுப்பாடு, போக்குவரத்து, பொய்யல்ல. ஆனால் குற்றப்பத்திரிகையில் மாற்றுத் திட்டம் ஒருவரி கூட இல்லை. காலநிலை நெருக்கடி நிலையை அறிவிக்கக் கோரிப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் பா.ம.க.வைத் தனியே குறிப்பிடுவதுதான் நேர்மை. தமிழகக் கட்சிகளில் இந்தப் பொருளுக்கு வெகுமுன்பே இடம் கொடுத்தது அது. அதன் குறை, அறிவிப்பையே செயலாகக் கருதுவது. நெருக்கடி என்று பிரகடனம் செய்த மறுநாள் அம்பத்தூர் வார்ப்படப் பட்டறையில் என்ன மாறும் என்று கேட்டால் பிரகடனத்தில் பதில் இருக்காது.

எல்லாக் கட்சிகளும் ஒன்றுபடும் இடம் நீர்மோர்ப் பந்தல். அதைக் கிண்டல் செய்யும் படித்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. உப்புச் சேர்த்த மோர், வெள்ளரி, தர்பூசணி மூன்றும் வியர்த்த உடலுக்குத் தேவையானவையே. பந்தலின் மருத்துவ அறிவு பழுதற்றது. பழுது, அது நிற்கும் இடத்தில். தலைவர் படம் தெரியும் முச்சந்தியில் நிற்கிறது, திறப்பு விழா நாளில் தளும்புகிறது, ஒரு வாரத்தில் பானை காலியாகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் ஆலை வாசலில் நிற்கும் பந்தல் அரிது, ஏனென்றால் அங்கே வேலை செய்பவர்களில் பலருக்கு இந்தத் தொகுதியில் வாக்கு இல்லை.

சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் நான்கில் மிக விரிந்த நோக்குடையது. 2050-க்குள் கரிமச் சமநிலை என்ற இலக்கு, மாநிலத்தின் 2070 இலக்கைவிடக் கண்டிப்பானது. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்த் தட்டுப்பாடும், நலிந்தோர் என்று ஒரு நகரத்தை முழுமையாகப் பார்க்க முயல்கிறது. முறையியலின் முதல் கறை அதன் பிறப்பிலேயே பட்டது: 2022 செப்டம்பரில் வரைவை ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். கண்டனம் எழுந்த பிறகே தமிழ் வந்தது, அவகாசமும் நீண்டது. குடிசைவாசியின் வெப்பத்தைப் பற்றி அவருக்குப் புரியாத மொழியில் அவர் கருத்தைக் கேட்டதைச் சிறு தவறென்று தள்ள முடியாது.

எனினும் அதன் பெரிய குறை எல்லை. திட்டம் 426 சதுர கிலோமீட்டருக்கானது. கொரட்டூர் ஏரிக்கும் அம்பத்தூர் ஏரிக்கும் பொறுப்பேற்கிறது; பருத்திப்பட்டு ஏரி அதன் வரைபடத்துக்கு வெளியே. அதே காலத்தில், 2022 அக்டோபரில், சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருமழிசை துணைநகரமாகப் பேசப்படுகிறது. வளர்ச்சிக்கு வரையும்போது பெரிய வட்டம், வெப்பத்துக்கு வரையும்போது சிறிய வட்டம். அடுத்த இருபதாண்டில் புதிதாகக் கான்கிரீட் விழப்போவது சிறிய வட்டத்துக்கு வெளியேதான் என்கிறபோது, உள்ளே எழுதப்பட்ட சிறந்த திட்டமும் முடிந்துபோன நகரத்துக்கான திட்டமாகிவிடுகிறது.

மாநகராட்சியின் சிறு காரியங்கள் இரண்டு அதன் பெரிய ஆவணத்தைவிட எனக்கு மதிப்புமிக்கவையாகப் படுகின்றன. 2024 கோடையில் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் கட்டியது ஒன்று. 2025-இல் அண்ணா நகரில் உணவு விநியோக ஊழியர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது மற்றொன்று. வலை கிழியும், ஓய்வறை எண்ணிக்கை மிகக் குறைவு, அண்ணா நகர் அம்பத்தூர் இல்லை. எல்லாம் சரி. ஆனால் இவை இரண்டும் ஒரு குறிப்பிட்ட மனிதரையும் ஒரு குறிப்பிட்ட நேரத்தையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆதித்யா வலியாத்தன் பிள்ளையும் தமன்னா தலாலும் 2023-இல் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆராய்ந்தபோது கண்டதும் இந்தக் குறையைத்தான்: பெரும்பாலான திட்டங்கள் உள்ளூர்ச் சூழலுக்கென எழுதப்படவில்லை, யார் நலிந்தவர் என்று கண்டறிந்தவை மிகச் சில, சட்ட வலு கிட்டத்தட்ட எதற்கும் இல்லை.

சூழலியலாளர்களிடையே நிகழும் ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இந்த வெப்பம் புவி வெப்பமாதலால் வந்ததா, ஏரியைத் தூர்த்துக் கான்கிரீட் ஊற்றியதால் வந்ததா? 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி சூடான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. ஆக முதல் காரணம் மறுக்க முடியாதது. ஆனால் அது அரசியல்வாதிக்கு மிக வசதியான காரணமும்கூட. அமெரிக்காவும் சீனாவும் செய்த பாவத்துக்கு ஆவடி மாநகராட்சி என்ன செய்யும் என்று கை விரித்துவிடலாம். மறுபக்கம், எல்லாம் உள்ளூர்க் கான்கிரீட்தான் என்பவர்கள் மின்சாரத்துக்கு நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்து பார்வையைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாவது தரப்பில் பிழை இருந்தாலும் நடைமுறைப் பயன் அதிகம் என்பது என் கணிப்பு; பொறுப்பை அது கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: வெப்பத் தீவு வரைபடங்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் பார்த்த தரைச் சூட்டைக் காட்டுபவை. தாரும் தகரமும் எவ்வளவு கொதிக்கின்றன என்று அவை சொல்லும். அந்தத் தகரத்தின் அடியில் நிற்பவர் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளும் முறை பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவும் பல ஆண்டுகளாக உப்பளங்களிலும் ஆலைகளிலும் வயல்களிலும் கருவிகளை எடுத்துச்சென்று அளந்துவருகிறார்கள். வெப்பம், ஈரப்பதம், கதிர்வீச்சுச் சூடு, காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த குறியீடு. அதோடு வேலை செய்பவரின் உடல், சிறுநீரகம், நீரிழப்பு. தமிழகத்தில் சுமார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த அவர்களுடைய ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வது கருச்சிதைவு உள்ளிட்ட பாதிப்புகளின் அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதாகக் கண்டது. முறையியலில் மேற்சொன்ன நான்கு பிரதிகளையும்விட இந்த ஆய்வே எனக்கு மேலானதாகப் படுகிறது. அளக்க வேண்டிய இடத்தில் அளக்கிறது, அளந்ததை உடலோடு பொருத்துகிறது. தையல் கூடங்களில் பெண்கள் நிரம்பிய அம்பத்தூருக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இப்படி அமைகிறது. அரசாணை நிவாரண ஆவணமாகத் தேறுகிறது, பாதுகாப்பு ஆவணமாகத் தேறவில்லை. மத்தியத் தரப்பின் மறுப்பு நிதி வாதமாகக் கேட்கத்தக்கது, குளிர் அலையைப் பட்டியலில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னதால் கொள்கை வாதமாகத் தோற்கிறது. எதிர்க்கட்சிகள் தகவலில் சரி, முறையில் வெறுமை. செயல்திட்டம் நோக்கத்தில் முதலிடம், எல்லையில் கடைசி. இவற்றுக்கிடையிலான சண்டை கடுமையாகத் தெரிந்தாலும், நான்கும் பெரும்பாலும் சாவுக்குப் பிந்தைய பணத்தையும் பழியையும் பற்றியே வாதாடுகின்றன. வேலை நேரம் யாருடைய வாதத்திலும் மையமாக இல்லை.

நேரத்தை மாற்றும் அதிகாரம் அரசிடம் இல்லாமல் இல்லை. வெயிலுக்காகப் பள்ளித் திறப்பை 2023-லும் 2024-லும் தள்ளிவைத்த மாநிலம் இது. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய மாநிலமும் இதுதான். கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடையில் வெளிவேலை செய்வோருக்கு நண்பகல் முதல் மூன்று மணி வரை ஓய்வு கட்டாயமாக்குகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலை தடை. ஷார்ஜாவில் கட்டட வேலை பார்க்கும் தமிழருக்குக் கிடைப்பது பூந்தமல்லியில் மெட்ரோ வேலை பார்ப்பவருக்கு உரிமையாகக் கிடைப்பதில்லை. அம்பத்தூருக்கு இந்த முன்மாதிரிகளும் போதாது, ஏனெனில் அங்கே வெயில் கூரைக்குள் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பணிக்கூடத்தின் காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றிப் பேசியது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே அது பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு ‘தொழிற்சாலை’ என்பதற்கான அந்த வரம்பை இருபது பேராக உயர்த்தியிருக்கிறது. பதினைந்து பேர் பட்டறை, வெப்பம் கூடிய காலத்தில், ‘தொழிற்சாலை’ என்ற வரையறையிலிருந்து வெளியே விழுகிறது.

2024 ஆணையை எழுதியது வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை. அடுத்ததை எழுத வேண்டியது தொழிலாளர் துறை. பணிக்கூடத்துக்குள் ஈரப்பதமும் சேர்த்து அளந்த எந்த அளவில் வேலை நிற்க வேண்டும், அது எத்தனை பேர் பட்டறையிலிருந்து பொருந்தும், நின்ற நேரத்துக்குக் கூலியை யார் தருவது என்ற மூன்று விவரங்கள் அதில் வேண்டும். மூன்றாவதில்தான் கட்சிகளுக்கிடையே உண்மையான கருத்து வேறுபாடு தொடங்கும். அதை எடைபோட அப்போது பிரதி இருக்கும்.